டிவிக்குப் பின்னால் எந்தப் பெட்டி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் மாடி வீடு. கீழே பெற்றோர், மேலே கேட்டவரும் மனைவியும். கீழ் ஹாலில் 43 அங்குல 4கே கூகுள் டிவி. 4 டெராபைட் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருபதாயிரம் போட்டோ, எம்பி3 பாட்டுகள், 2006-ல் நடந்த அக்கா கல்யாண டிவிடி, 2023-ல் நடந்த தன் கல்யாணத்தை வீடியோக்காரர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த 4கே ஃபைல்கள். "இதையெல்லாம் டிவியில் ஓட்ட ராஸ்பெர்ரி பை 5 வாங்கலாமா, இன்டெல் என்100 மினி பிசி வாங்கலாமா, பரணில் கிடக்கும் 2009 டெஸ்க்டாப்பையே தூசி தட்டி ஓட்டலாமா? நாள் முழுக்க ஓடணும், கரண்ட் பில் ஏறக்கூடாது, அம்மா டிவி ரிமோட்டிலேயே இயக்கணும், மேலே என் போனிலும் ஓடணும். பட்ஜெட் 15,000." (ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கை அளவு ஒற்றை போர்டு கம்ப்யூட்டர். என்100 என்பது குறைவாக கரண்ட் இழுக்கும் இன்டெல் பிராசஸர்.)

பரணில் கிடப்பது பரணிலேயே இருக்கட்டும். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கேள்வியில் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

என்னிடம் பிளக் பாயிண்டில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். என் வீட்டிலிருந்த அதே காலத்து கோர் 2 டுவோ டெஸ்க்டாப், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 62 வாட் இழுத்தது. இதை நாள் முழுக்க ஓட விட்டால் இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளைக்கு, 89 யூனிட். ஒரு மினி பிசி சும்மா இருக்கும்போது 8 வாட் என்று வையுங்கள், அதே இரண்டு மாதத்துக்கு பதினொன்றரை யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று போட்டாலும் ஆண்டுக்கு 2,800 ரூபாய் வித்தியாசம் வருகிறது. மூன்று வருஷத்தில் 8,500. இலவசமாகக் கிடைத்ததாக நினைக்கும் கம்ப்யூட்டர், செகண்ட் ஹேண்ட் மினி பிசி ஒன்றின் விலையை மெதுவாக உங்கள் பையிலிருந்து எடுத்துவிடும். அதிலும் நம் ஊர் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. கோடையில் ஏசி ஓடி 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 89 யூனிட் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பில் கட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இதே கணக்கை மறுபக்கம் திருப்பியும் பார்க்க வேண்டும். 10 வாட் பெட்டிக்கும் 7 வாட் பெட்டிக்கும் உள்ள 3 வாட் வித்தியாசம் ஆண்டுக்கு 26 யூனிட், ஏறக்குறைய 160 ரூபாய். "இது இன்னும் குறைவாக கரண்ட் இழுக்கும்" என்ற ஒரே காரணத்துக்காக யாராவது உங்களை ஐயாயிரம் அதிகம் கொடுக்க வைத்தால், அந்தப் பணம் திரும்ப 30 வருஷம் ஆகும். 60-லிருந்து 10-க்கு இறங்குவதில்தான் லாபம். 10-லிருந்து 7, 7-லிருந்து 4 என்று இறங்குவதெல்லாம் பொழுதுபோக்கு.

இன்னொன்று. பெட்டியின் விளம்பரத்தில் வரும் '6 வாட் டிடிபி' என்பது பிளக் பாயிண்டில் இழுக்கும் கரண்ட் அல்ல. அது பிராசஸருக்கு மட்டும் போட்ட வெப்ப வரையறை. என்100-க்கு அது 6 வாட். ஆனால் ரேம், எஸ்எஸ்டி, நெட்வொர்க், அடாப்டரில் வீணாவது எல்லாம் சேர்த்து என் மீட்டரில் சும்மா இருக்கும்போது 7, 8 வாட், வீடியோ ஓடும்போது 12 வரை காட்டியது. அதுபோல 35 வாட் என்று போட்டிருக்கும் ஐ5-7500டி எப்போதும் 35 இழுக்காது. சும்மா இருக்கும்போது 9, 10 வாட்டில் அடங்கிக் கிடக்கிறது. மீடியா பெட்டி ஒன்றின் வாழ்நாளில் பெரும்பகுதி சும்மா இருப்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு அது எவ்வளவு இழுக்கிறது என்பதே கேள்வி.

சரி, இப்போது ராஸ்பெர்ரி பை. எனக்கு அதன்மேல் பாசம் உண்டு. 2012-ல் முதல் பை வந்ததிலிருந்து ஏதாவது ஒன்று வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன், உங்கள் வேலைக்கு பை 5 வேண்டாம்.

காரணம் வேகம் அல்ல. வீடியோ ஃபைல் என்பது அழுத்திச் சுருட்டி வைத்த பாய் மாதிரி. ஓடும்போது ஒவ்வொரு நொடியும் அதை விரிக்க வேண்டும். விரிக்கும் வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருந்தால் அது அலட்டிக்கொள்ளாமல் இரண்டு மூன்று வாட்டில் முடித்துவிடும். இல்லையென்றால் பிராசஸரே தோள் கொடுத்து விரிக்க வேண்டும். அப்போது சூடு ஏறும், ஃபேன் கத்தும், படம் திக்கும். அந்தத் தனிப் பகுதிக்கு எந்தெந்தச் சுருட்டல் முறை, அதாவது எந்த கோடெக் தெரியும் என்பதுதான் மீடியா பெட்டியின் ஜாதகம். ரேம், கோர் எண்ணிக்கை எல்லாம் அப்புறம்.

இன்று அதிகம் புழங்கும் கோடெக்குகள் எச்.264, அதற்கு அடுத்து வந்த எச்.265. பை 4-க்கு எச்.265-ஐ 4கே வரை ஹார்ட்வேரில் விரிக்கத் தெரியும், ஆனால் எச்.264 என்றால் 1080பி வரைதான். பை 5-ல் எச்.265 மட்டும் ஹார்ட்வேரில் இருக்கிறது. எச்.264-க்கான பகுதியையே எடுத்துவிட்டார்கள், அதன் பிராசஸர் வேகமானது, தானே பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கில். 1080பி எச்.264 அப்படி நன்றாகவே ஓடுகிறது. 4கே எச்.264? அங்கேதான் மூச்சு வாங்கும்.

இப்போது உங்கள் கல்யாண பென்டிரைவை எடுங்கள். அதிலுள்ள ஒரு ஃபைலை கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு 'ஜே' அழுத்துங்கள். கோடெக் தகவல் வரும். நம் ஊர் வீடியோக்காரர்கள் எடிட் முடித்து 4கே ஏற்றுமதி செய்யும்போது பெரும்பாலும் எச்.264-ல்தான் கொடுக்கிறார்கள், எந்த டிவியிலும் ஓடட்டும் என்று. ட்ரோன் ஷாட், ரிசப்ஷன் மேடை, எல்லாம் 4கே எச்.264. உங்கள் வீட்டில் மிகவும் அருமையான ஃபைல் எதுவோ அதற்குத்தான் பை 5-ல் ஹார்ட்வேர் உதவி இல்லை. வேறொருவர் வீட்டில் எல்லாமே எச்.265 என்றால் நானே பை வாங்கச் சொல்லியிருப்பேன். ஆகவே "எந்தக் கம்ப்யூட்டர் நல்லது?" என்பதற்கு முன், உங்களிடம் இருக்கும் ஃபைல்கள் என்ன ஜாதி என்று பார்த்துவிட வேண்டும். பத்து ஃபைலில் கன்ட்ரோல் ஜே அடிக்க ஐந்து நிமிஷம் போதும்.

பையின் இன்னொரு தொல்லை, விலை. போர்டு விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், கூலர், கேஸ், எஸ்டி கார்டு அல்லது எஸ்எஸ்டி, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் என்று சேர்த்துப் பார்த்தால் செகண்ட் ஹேண்ட் மினி பிசி விலைக்கு வந்து நிற்கும். அடாப்டரில் மிச்சம் பிடிக்கவும் முடியாது. 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் பை 5 தன் யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்குக் கொடுக்கும் கரண்ட்டைக் குறைத்துவிடும், உங்கள் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் சுழலவே திணறும். நான் முதலில் வைத்திருந்த பை ஒன்றுக்குப் பழைய போன் சார்ஜரைப் போட்டேன். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்துவந்து போனது, நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு மழை நாளில் கரண்ட் மூன்று முறை போய் வந்தது. எஸ்டி கார்டு போயே போய்விட்டது. அதிலிருந்து நாள் முழுக்க ஓடும் எதையும் எஸ்டி கார்டில் வைப்பதில்லை.

பை-க்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் உத்தரவைக் கேட்கும் சிஇசி வசதி அதில் இருக்கிறது. லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை ஏற்றினால் கோடி நேராகத் திரையில் வந்து நிற்கும், அம்மாவின் டிவி ரிமோட்டே அதற்கும் ரிமோட். (கோடி என்பது வீடியோ, பாட்டு ஓட்டும் மென்பொருளின் பெயர். முன்பு எக்ஸ்பிஎம்சி. 2014-ல் பெயரை மாற்றினார்கள். "அப்பா, கோடி எங்கே?" என்று என் பையன் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.) இன்டெல் மினி பிசிகளில் பெரும்பாலானவற்றில் சிஇசி கிடையாது. வாங்கும் பலருக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்புறம் தனி ரிமோட் ஒன்றை வாங்கி, சோபா இடுக்கில் தேட வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி இருக்கிறது, அதுதான் முடிச்சை அவிழ்க்கிறது. "மேலே என் போனிலும் ஓடணும்." அப்படியானால் உங்களுக்கு வேண்டியது டிவிக்குப் பின்னால் ஒட்டி வைக்கும் பெட்டி அல்ல, வீட்டுக்குள் ஒரு சின்ன சர்வர். பெட்டியை டிவியோடு இணைக்கவே வேண்டாம். மாடியில் ரவுட்டர் பக்கத்தில் வைத்து லேன் கேபிளில் கோத்துவிடுங்கள். அதில் ஜெல்லிஃபின் ஓடட்டும். உங்கள் ஃபைல்களை டிவிக்கும் போனுக்கும் எடுத்து அனுப்பும் மென்பொருள் அது. இலவசம், திறமூலம். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது. கூகுள் டிவியில் ஜெல்லிஃபின் செயலி இருக்கிறது, போனிலும் இருக்கிறது. அம்மா டிவி ரிமோட்டில் நெட்பிளிக்ஸ் திறப்பது மாதிரியே அதைத் திறப்பார். போஸ்டர் போஸ்டராக வரிசை கட்டி நிற்கும், 'அக்கா கல்யாணம்' என்று பெயர் போட்ட போஸ்டரை நீங்களே வைத்துவிடலாம். சிஇசி பிரச்சினையே எழாது.

ஓடிடிக்கும் இதுவே நல்லது. மினி பிசியில் லினக்ஸ் போட்டு அதிலேயே நெட்பிளிக்ஸ், பிரைம் எல்லாம் பார்க்கலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். பதிப்புரிமைப் பூட்டு காரணமாக லினக்ஸ் பிரவுசரில் படம் முழுத் தரத்தில் வராது, 4கே பற்றி நினைக்கவே வேண்டாம். உங்கள் டிவியில் ஏற்கனவே இருக்கும் செயலிகள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. அதைக் கெடுக்க வேண்டாம்.

இப்படி சர்வராக வைத்தால் பெட்டியின் வேலையும் மாறுகிறது. டிவிக்குப் புரியும் ஃபைல் என்றால் சர்வர் வெறுமனே எடுத்துக் கொடுக்கும் தபால்காரர்தான், 8 வாட்டில் காலம் தள்ளும். உங்கள் 4கே எச்.264-ஐ டிவியே விரித்துக்கொள்ளும். டிவிக்குப் புரியாத ஃபைல் வந்தால்தான் சர்வர் அதை உடனுக்குடன் வேறு கோடெக்குக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இதை டிரான்ஸ்கோடிங் என்பார்கள். விரித்து, மறுபடி சுருட்டி அனுப்பும் வேலை. பை 5-ல் சுருட்டும் ஹார்ட்வேர் அறவே கிடையாது. இன்டெல் சிப்புகளில் குவிக் சிங்க் என்ற பெயரில் இரண்டுமே இருக்கின்றன. உங்கள் வீட்டில் இந்த மாற்றும் வேலை எப்போது வரும் தெரியுமா? அக்கா கல்யாண டிவிடியில்.

அந்த டிவிடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். அது எம்பெக்-2, 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பிரித்து எடுக்கப்பட்டது. ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அதற்கு அடுத்த கணம். பழைய குண்டு டிவி அதை அப்படியே மாற்றி மாற்றித் தீட்டும், கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். இன்றைய தட்டை டிவியில் இரண்டு பாதியையும் ஒன்றாக வைத்துக் காட்டினால் அசைகிற எல்லாமே சீப்புப் பல் மாதிரி கிழியும். ஒரு வீட்டில் மாலை மாற்றும் காட்சி ஓடியது. மணப்பெண் தலை குனிய, மாப்பிள்ளை கை மேலே போக, மாலையில் ஒவ்வொரு ரோஜாவும் படுக்கைக் கோடு கோடாக வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அவர்கள் அசையாமல் நின்றால் சரியாகிவிடும், அசைந்தால் மறுபடி கோடு. "டிவிடி கெட்டுப் போச்சு" என்று முடிவு கட்டி வைத்திருந்தார்கள். டிவிடி கெடவில்லை. அந்தப் பாதிகளைக் கோத்து முழுப் படமாக்கும் டீஇன்டர்லேசிங் வேலையை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். ஜெல்லிஃபினில் குவிக் சிங்க்கை இயக்கி, நொடிக்கு 50 படமாக டீஇன்டர்லேஸ் செய்யும் தேர்வைப் போட்டேன். மாலை மாலையாக வந்தது. அந்த வீட்டு அம்மா, கூட்டத்தில் தன் அண்ணனைப் பார்த்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

கவனிக்க: ஜெல்லிஃபின் நிறுவியவுடன் ஹார்ட்வேர் உதவி தானாக வராது. அமைப்புகளில் பிளேபேக் பகுதிக்குப் போய் குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் ஜெல்லிஃபின் பயனரை, கிராஃபிக்ஸ் பகுதியைத் தொட அனுமதி தரும் 'ரெண்டர்' குழுவில் சேர்க்காவிட்டால் தேர்ந்தெடுத்தும் பயன் இராது, வீடியோ ஓடாமல் ஒரு பிழைச் செய்தி மட்டும் காட்டும். பலர் இங்கே நின்றுவிட்டு "என்100 வீக்" என்று எழுதுகிறார்கள். சிப் வீக் இல்லை.

டிவிடியைத் தட்டிலேயே விட்டு வைக்காதீர்கள். நாமே எரித்த டிவிடிகளின் சாயப் பூச்சு வருஷம் போகப் போக மங்கும், 2006 என்றால் இப்போதே சில இடம் படிக்காமல் போயிருக்கலாம். பரணில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு இந்த ஒரு வேலை தரலாம். அதில் டிவிடி டிரைவ் இருக்குமே. தட்டை முழுசாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, மறுபடி பரணுக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, எந்தப் பெட்டி? இரண்டே தேர்வு.

ஒன்று, செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் மினி. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று ஒரு தடித்த புத்தகம் அளவுக்கு இருக்கும். கம்பெனிகள் குத்தகை முடிந்து கழிப்பவை சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் குவிந்து கிடக்கும், ஆன்லைனிலும் வரும். 'ரிஃபர்பிஷ்டு', அதாவது தட்டித் தயார் செய்தது என்ற பெயரில் பத்தாயிரம் ரூபாய்க்கு இப்படி அப்படி இருக்கும். ரேம் விலை ஏறி இறங்குவதைப் பொறுத்து மாறும். இன்டெல் ஏழாம் தலைமுறையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். நான்காம் தலைமுறையில் எச்.265 ஹார்ட்வேரே இல்லை. ஆறாம் தலைமுறையில் எச்.265 உண்டு, ஆனால் நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வகைக்கு முழு ஹார்ட்வேர் இல்லை. ஏழில்தான் எச்.265 10 பிட்டும், யூடியூப் பயன்படுத்தும் விபி9 கோடெக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பிராசஸர் பெயரில் ஐ5-க்குப் பிறகு வரும் எண் 7-ல் தொடங்க வேண்டும், கடைசியில் 'டி' இருந்தால் 35 வாட் வகை.

வாயால் சொல்வதை நம்பாதீர்கள். எனக்கு ஒரு கடையில் ஏழாம் தலைமுறை என்று அடித்துச் சொல்லி விற்றார்கள், பெட்டி மேல் ஸ்டிக்கரும் அப்படியே. வீட்டில் வந்து திறந்தால் 6500டி. திரும்பப் போனால் "ரெண்டும் ஐ5தானே சார்" என்றார்கள். அங்கேயே ஆன் செய்து திரையில் பிராசஸர் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பயாஸுக்கு (கம்ப்யூட்டர் எழும்போதே முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்றும் அங்கேயே உள்ளே போய்ப் பாருங்கள், கம்பெனி பூட்டிய பெட்டி என்றால் தொடாதீர்கள். அடாப்டர் அதே பிராண்டுடையதாக இருக்கட்டும். டெல், எச்பி பெட்டிகள் அந்நிய அடாப்டரைக் கண்டால் முகம் சுளிக்கும்.

பின்பக்கத்தையும் பாருங்கள். இவற்றில் பல, டிஸ்பிளேபோர்ட் மட்டும் வைத்திருக்கும், எச்டிஎம்ஐ இருந்தால் 1.4 வகையாக இருக்கும், அதில் 4கே என்றால் நொடிக்கு 30 படம்தான். டிவியில் நேராகச் செருகி கோடி பார்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. நீங்கள் டிவியில் செருகப் போவதே இல்லை என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. நிறுவும் அன்று ஒரு மானிட்டர் போதும்.

இரண்டாவது, புதிய என்100 மினி பிசி. 2023-ல் வந்த சிப், நான்கு கோர், எச்.264, எச்.265, விபி9 மட்டுமல்லாமல் ஏவி1-ஐயும் ஹார்ட்வேரில் விரிக்கும். யூடியூப் போன்றவை ஏவி1 பக்கம் போய்க்கொண்டிருப்பதால் இது நாளைக்கும் உதவும். புதுசு, உத்தரவாதம் உண்டு, சின்னது. 8 ஜிபி ரேம் உங்கள் வேலைக்குத் தாராளம், 16 என்று ஆசைப்பட வேண்டாம். ஆனால் பெயர் தெரியாத பிராண்டுகள் ஏராளம். சர்வீஸ் என்றால் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 15,000-க்குள் வந்தால் இதையே எடுங்கள், தாண்டினால் ஏழாம் தலைமுறை மினி. இரண்டுக்கும் கரண்ட் வித்தியாசம் முன்பே சொன்ன அந்த 160 ரூபாய் சங்கதிதான்.

மூன்றாவதாக ஒன்றைக் கடைக்காரர் காட்டுவார். மூவாயிரம் ரூபாய்க்கு '8கே' என்று எழுதிய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. அதைத் தொடவே வேண்டாம். தரம் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெயரில் விற்ற பெட்டி ஒன்றில் தொழிற்சாலையிலிருந்தே தீநிரல் ஏறி வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் இப்படித் தீநிரல் ஏறிய பெட்டிகளின், 'பேட்பாக்ஸ்' என்று பெயரிடப்பட்ட பெரிய வலையே வெளியே வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயே இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. அம்மாவின் வங்கிச் செயலி ஓடும் அதே வைஃபையில் அப்படி ஒன்றைச் செருகுவானேன்.

ஹார்ட் டிஸ்க். உங்களுடையது போர்ட்டபிள், யு.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும், இரண்டு மூன்று வாட்டுக்குள் அடங்கும். அப்படியே மினி பிசியில் செருகுங்கள். ஆனால் இருபதாயிரம் போட்டோவும் இரண்டு கல்யாணமும் ஒரே டிஸ்க்கில் இருப்பதுதான் உங்கள் கேள்வியிலேயே என்னைப் பயமுறுத்தியது. பட்ஜெட்டில் ஏதாவது மிஞ்சினால் ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ போகாமல் இன்னொரு டிஸ்க்குக்குப் போகட்டும். மாதம் ஒரு முறை நகல் எடுத்து அக்கா வீட்டில் வைத்துவிடுங்கள்.

கரண்ட் போய் வருவது நம் ஊர் நிஜம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறும் அந்த இமைப்பொழுதில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் அணைந்து எழும். என்100 பெட்டிகளில் பல 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ், ஆம்பியர் போதுமானதாக இருந்தால், ரவுட்டரையும் பெட்டியையும் சேர்த்தே தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் யுபிஎஸ் கொடுக்கும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். அப்படியும் நீண்ட நேரம் கரண்ட் போய்ப் பெட்டி அணைந்தால், வந்ததும் தானாக எழ வேண்டும். பயாஸில் கரண்ட் திரும்பியதும் ஆன் ஆகும் தேர்வு இருக்கும், பெட்டியை வைத்த முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது "டிவியில கல்யாணம் வரமாட்டேங்குது" என்று போன் வரும், பட்டனை அமுக்க அப்பா மாடி ஏற வேண்டியிருக்கும்.

டிவிக்கு வைஃபை சுமாராக வந்தால் கீழே ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 4கே கல்யாண ஃபைல் நொடிக்கு 50, 60 மெகாபிட் வரை கூட இருக்கும், மாடியின் கான்கிரீட் தளத்தைத் துளைத்து வரும் வைஃபைக்கு அது கஷ்டம். படம் நின்று நின்று ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை, பெட்டியை அல்ல.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்த பென்டிரைவை நேராக டிவியின் யு.எஸ்.பி.யில் செருகி உங்கள் கல்யாண ஃபைலை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ஜெல்லிஃபின் வழியாகவும் பெரும்பாலும் நேராகவே ஓடும், சர்வருக்கு வேலை இல்லை, மலிவான மினியே போதும். ஓடாவிட்டால் கன்ட்ரோல் ஜே-யில் கோடெக் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.